ஒரு துவக்குக்கு ஆறு

ஒரு துவக்குக்கு ஒரு நாளைக்கு ஆறு
என்று வரைவில் தட்டினேன்.
பிறகு ஆறை அழித்து நாலாக்கினேன்.
உதவி ஆணையாளர் திரும்பவும் ஆறாக்கச் சொன்னார்.
நாலுக்கும் ஆறுக்கும் நடுவில்
ஒரு சோடி சிறகி
திரையில் செத்துச் செத்துப் பிழைத்தது.

சரசாலை வெளியில் மழை விட்ட இரவுகளில்
சீழ்க்கை அடித்தபடி இறங்கும்.
விதைத்து ஏழெட்டு நாள்,
முளை வெள்ளைப் பல்லுக் காட்டும் நேரம் பார்த்து.
விடியப் போனால் வயல் இல்லை,
சேறு மட்டும்,
சேறு முழுக்கச் சவ்வுக்கால்.

அன்னலிங்கத்தாருக்கு ஏழு பரப்பு.
மூன்று தரம் விதைத்தார்,
மூன்றாம் தரம் கடன் நெல்.
நட்டஈட்டுப் படிவத்தில்
"காரணம்" என்று ஒரு பெட்டி:
வெள்ளம், வரட்சி, பூச்சி, யானை.
பறவைக்கு இடமில்லை.
"ஆனை எண்டு போடு பிள்ளை."
யாழ்ப்பாணத்தில் ஏது ஐயா யானை?
"செட்டை முளைச்ச ஆனை."
நான் போடவில்லை. அன்று.

எத்தனை பறவை என்று தெரியாமல்
எத்தனை சுடலாம் என்று சொல்ல முடியாதாம்.
எண்ணப் போனோம்,
வனசீவராசிகள் திணைக்களத்து நிமலரூபனும் நானும்,
குருவிக்காட்டுக் கண்டலுக்குள்,
முழங்கால் சேற்றில்.
பத்தை மனதில் வெட்டி எடு, என்றான்,
அதை மிச்சத்தின் மேல் வைத்து வைத்து அள.
கொத்தமல்லிக் கட்டு விற்கிறவள் மாதிரி
கண்ணால் கட்டிக்கொண்டே போனேன்.
மூவாயிரத்து நூறில்
ஒரு பருந்தின் நிழல்.
நீர் முழுவதும் எழும்பிவிட்டது.

நாலாயிரம், என்று எழுதினோம்.
ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல்
ஒப்பம் வைத்தோம்.

கமக்காரர் கூட்டத்தில் நான் வாசித்தேன்.
ஐப்பசியில் முப்பது நாள் மட்டும்.
கூட்டுக்குக் கிட்டப் போகக் கூடாது.
பூநாரை, கூழைக்கடா, தொட்டாலே வழக்கு.
பொழுது பட்டபின் வெடி வைக்கக் கூடாது.
"அதுகள் வாறது இரவிலை.
பகலிலை ஆரைச் சுடுறது, உங்களையோ?"
மண்டபம் சிரித்தது.
உதவி ஆணையாளரும் சிரித்தார்.

கடைசி வாசகம்:
துவக்கு உள்ளோர் பெயர், விலாசம்,
அடையாள அட்டை இலக்கம்
இணைப்பிலுள்ள பட்டியலில் பதிதல் வேண்டும்.

மின்விசிறியின் சத்தம் கேட்டது.
அதுவரை அது சுற்றுவதே தெரியாது.
இதே மண்டபத்தில் முன்னம் ஒருக்கால்
பெயர் பதிந்தார்கள்.
பவளமலர் அக்கா பேனையை மூடினார்,
மூடி விழுந்த சத்தமும் கேட்டது.
தாள் முதல் வாங்கிலிருந்து கடைசி வாங்குக்குப் போய்
போன மாதிரியே திரும்பி வந்தது,
ஓரத்தில் ஒரு தேத்தண்ணி வட்டத்தோடு.

ஒரு துவக்கும் இல்லை.
ஒரு துவக்குக்கு ஆறு.
பெருக்கிப் பார்த்து
கொழும்புக்கு அனுப்பினேன்,
வட்டத்தையும் சேர்த்து.

ஆனைவெடி தரட்டோ என்று கேட்டார்கள்.
அன்னலிங்கத்தார் இரண்டு நாள் கொளுத்தினார்.
சிறகிகள் எழும்பி மட்டுவில் பக்கம் போய்
விடியமுன் திரும்பின.
பக்கத்து வீட்டில் ஒரு மனிசன்
கட்டிலுக்குக் கீழே போய்ப் படுத்தாராம்.
மூன்றாம் நாள் இவர் தீப்பெட்டியை வீட்டில் விட்டுவிட்டு
சும்மா வரம்பில் இருந்தார்,
இருட்டில்,
அவை தின்னும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு.

காலையில் தொலைபேசியில் படம் காட்டினார்.
ஏழு பரப்பிலும்
ஒரு விரல் வைக்க இடமில்லை, அவ்வளவு கால்.
"உங்கடை பட்டியல் நிரம்பேல்லை எண்டு
ஆர் சொன்னது?"

நாலாம் விதைப்புக்குப் படிவம் எடுத்தேன்.
பெயர். காணி இலக்கம். பரப்பு.
காரணம் என்ற பெட்டி வந்தபோது
கதவைப் பார்த்தேன், ஒருத்தரும் இல்லை.
யானை, என்று எழுதினேன்.